நனையாத பதிவேடுகள்

கடலே இல்லாத கண்டியில், ஏசி போட்ட மண்டபத்தில், இழுவைப் படகுக்காரர்களுக்கு, மீன்பிடித் திணைக்கள அதிகாரியாக நான் வகுப்பெடுத்தேன். மலைநாட்டுக் கலஹாவில் பிறந்து, மீனைத் தட்டில் மட்டுமே பார்த்தவன் நான். வலையை இழுத்ததும் மீனின் நிறையைப் படகிலேயே பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது புது விதி.

அடுத்த வகுப்பில், மை கரைந்து உப்புப் படிந்த ஒரு பதிவேட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"இப்படியா எழுதுறது? மத்தவங்களோடத பாருங்க, எவ்வளவு சுத்தம்!"

மன்னார்க்காரர் ஒருவர் எழுந்தார்.

"சேர், அது என்ரை. நீங்க சொன்னபடி கடலில வச்சு எழுதினனான். அவையள் கரைக்கு வந்து, வீட்டில இருந்து எழுதினவை."

மற்றவர்கள் ஆமென்று தலையாட்டிச் சிரித்தார்கள்.

வாசிக்க முடியவில்லை என்று அவருடையதை மட்டும் மேலிடம் நிராகரித்தது. உண்மை தெரிந்திருந்தும் அந்த நிராகரிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்ட கோழை நான்தான். என் கையெழுத்து மிகச் சுத்தமாக இருந்தது.