சீனா அரிசியும் கங்காணி வீட்டுப் பரிசமும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ரொட்டியால் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

சிரிக்காதீர்கள். நான் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தவன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லிப் பார்த்தால் எனக்காவது புரிகிறதா பார்ப்போம்.

வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி ஒருவர், மாரிமுத்து என்று பெயர். ஹட்டனுக்குச் சாமான் வாங்க வரும்போதெல்லாம் என் வீட்டில் எட்டிப் பார்ப்பார். என்னைப் பார்க்க அல்ல — ரேடியோவைக் கேட்க. இமயமலையில் இந்தியாவும் சீனாவும் அடித்துக்கொள்ள ஆரம்பித்ததிலிருந்து டில்லிச் செய்திக்கென்றே வந்தார். செய்தி முடிந்ததும் என் முகத்தைப் பார்ப்பார். பேப்பரில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை.

"ஏங்கய்யா, நேத்து வரைக்கும் அண்ணன் தம்பின்னு கட்டிப் புடிச்சுக்கிட்டு நின்னாங்களே... இப்ப என்னா வந்துச்சு?"

எனக்கென்ன தெரியும்? மலை, எல்லை, கோடு என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

ஒருநாள் இந்தியப் பட்டாளம் பின்வாங்குகிறது என்று செய்தி. மனிதர் நான் கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். நேரே தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போய், நாலு பேர் பார்க்கச் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். சண்டை முடியும்வரை சீனா அரிசியைத் தொடமாட்டாராம்!

வினை அங்கேதான் ஆரம்பம். நம் இலங்கை சீனாவுக்கு ரப்பர் கொடுக்கிறது, சீனா நமக்கு அரிசி கொடுக்கிறது. அமெரிக்கா முறைத்தும் நிற்காத வியாபாரம். பர்மா அரிசியும் வருகிறதுதான். ஆனால் தோட்டத்தில் வாராவாரம் அளந்து போடுகிற அரிசியில் எது பர்மா, எது சீனா? கேட்டால் யார் சொல்வார்கள்? சந்தேகமே வேண்டாம் என்று மாரிமுத்து சோற்றையே விட்டுவிட்டார். மூன்று வேளையும் ரொட்டி, மிளகாய் இடித்த கட்டசம்பல்.

அந்த ரொட்டி மா எந்த நாட்டு மா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்துச் சொன்னால் அதையும் விட்டுவிடுவாரோ என்று பயம். அவர் வீட்டுக் குப்பிலாம்பில் எரிகிற மண்ணெண்ணெய் இப்போது ரஷ்யாவிலிருந்து வருகிறதாம். அதில் வெள்ளைக்கார எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் கோபமாம். சரி, ரஷ்யா இந்தச் சண்டையில் யார் பக்கம்? ஒரு பேப்பர் சீனாவின் தோழன் என்கிறது, இன்னொன்று இந்தியாவின் நண்பன் என்கிறது. நான் இரண்டையும் படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் மனைவி அஞ்சலைக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது.

"டில்லிக்காரனா வந்து எம் பொண்ணுக்குப் பரிசம் போடப் போறான்?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்.

நியாயம்தான். மகள் பாக்கியத்துக்குக் கேகாலைப் பக்கத்தில் மாப்பிள்ளை பேசியிருந்தது. பரிசம் போட்டதும் சம்பந்திகள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே பானைச் சோறு சாப்பிட வேண்டும். அது அவர்கள் வழக்கம். ஒருவர் சோற்றில் கை வைக்கவில்லை என்றால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். மற்றவர் எழுந்து போய்விடுவார்.

நல்ல வேளையாகப் பரிசத்துக்கு முன்பே சீனா சண்டையை நிறுத்துவதாக அறிவித்தது. எனக்கும் அஞ்சலைக்கும் உயிர் வந்தது. மாரிமுத்து விடவில்லை.

"நிறுத்திட்டாங்க, சரி. முடிஞ்சிருச்சாங்க?"

ஜெயித்துக்கொண்டிருந்தவன் ஏன் நிறுத்தினான் என்பதே எனக்கு விளங்கவில்லை. சமாதானம் பேச நாலைந்து நாட்டுக்காரர்கள் கொழும்பில் கூடப் போகிறார்கள் என்கிறார்கள். அப்படியானால் இன்னும் முடியவில்லை என்றுதானே ஆகிறது? தெரியவில்லை என்று சொன்னேன். "அப்ப ரொட்டிதான்" என்று போய்விட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மாரிமுத்து அந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர். இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார் — இல்லை என்றார்கள். இந்தியாவிடம் கேட்டார் — அங்கேயும் நடக்கவில்லை. தன் ஆள் என்று எந்த நாடும் சொல்லாத மனிதர், ஒரு நாட்டுக்காகச் சோற்றை விட்டிருக்கிறார். எனக்குக் கோபமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

ஞாயிறன்று காலை ரயிலில் போனேன். மாப்பிள்ளை வீட்டார் எனக்கு முன்பே வந்து குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெரியசாமிக்கு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற வேலை. தட்டு மாற்றி, பரிசம் நல்லபடியாக முடிந்தது. லயத்து வரிசை வீட்டில் மாரிமுத்துவின் காம்பராவில் பாயை விரித்து நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

பெரியசாமி இலையில் சுடச்சுடச் சோறு. மாரிமுத்து இலையில் ரொட்டி.

"என்னாங்க சம்பந்தி, ஒடம்புக்கு முடியலீங்களா?"

ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். மாரிமுத்துவுக்குப் பொய் வராது. சூடம், சத்தியம், சீனா — எல்லாவற்றையும் சொன்னார்.

பெரியசாமி இலையிலிருந்து கையை எடுத்தார்.

"சீனா சும்மாவா குடுக்குறான்? இருட்டோட எந்திரிச்சு நாங்க பால் வெட்டுறோம். அந்த ரப்பரக் குடுத்துத்தான் இந்த அரிசி வருது. இது எங்க அரிசிங்க!"

மாரிமுத்து அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாரா?

"அந்த ரப்பர்லதான் அவன் பட்டாள லாரிக்கு டயர் போட்டு மலை ஏறுனான்" என்றார் மாரிமுத்து.

மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். உள் கதவோரம் புதுச்சேலையில் பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

பெரியசாமி கத்தவில்லை. "மரத்துல வெட்டி வாளியில ஊத்துறதோட எங்க வேலை சரி. அது டயராப் போகுதா, செருப்பாப் போகுதான்னு எங்கிட்ட எவன் சொன்னான்? நீங்க பறிக்கிற கொழுந்து எவன் கோப்பைக்குப் போகுதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? கேட்டிருக்கீங்களா?"

மாரிமுத்து என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்க பேப்பர்ல எழுதுறவங்க. நீங்களே சொல்லுங்க. இது யாரு அரிசி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கியமும் பார்த்தாள். சீனாவில் விளைந்திருக்கலாம். கேகாலை ரப்பருக்கு மாறி வந்திருக்கலாம். பர்மாவாகவும் இருக்கலாம். வட்டகொடையில் வெந்தது என்பது மட்டும் நிச்சயம்.

"தெரியலையே கங்காணி" என்றேன். வேறென்ன சொல்ல?

பெரியசாமி எழுந்தார். போகத்தான் எழுகிறார் என்று நினைத்தேன். அவரோ அஞ்சலை கையிலிருந்த சோற்றுச் சட்டியை வாங்கி, மாரிமுத்து இலையில் தானே ஓர் அகப்பை போட்டார்.

"யாரு அரிசியோ, போடுறது நான். வேணாம்னா சொல்லிருங்க. நாங்க ரயிலப் புடிக்கிறோம்."

மாரிமுத்து சோற்றைப் பார்த்தார். கதவோரம் நின்ற மகளைப் பார்த்தார். "மாரியாத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

அவ்வளவுதான்! அஞ்சலை சேலைத் தலைப்பில் மூக்கைச் சிந்தினார். எல்லோரும் ஒரே நேரத்தில் ரசம் கேட்டார்கள். கல்யாணத்தைத் தை மாதத்தில் வைப்பதாகப் பேச்சு. அரிசியை மாப்பிள்ளை வீட்டாரே கொண்டு வருகிறார்களாம் — எந்த நாட்டு அரிசி என்று யாரும் கேட்கக் கூடாது என்ற ஏற்பாட்டோடு.

சாயங்காலம் மாரிமுத்து ஸ்டேஷன்வரை வந்தார். பனிமூட்டத்தில் ரயிலுக்குக் காத்திருந்தோம். ரயில் சத்தம் வந்ததும் என்னிடம் கேட்டார்.

"ஏங்கய்யா... நான் இத்தனை நாளு சோறு திங்காம இருந்தது டில்லியில தெரியுமாங்க?"

"பேப்பர்ல எழுதுறேன் கங்காணி" என்று சொல்லி, அவர் முகத்தைப் பார்க்காமல் ரயில் ஏறிவிட்டேன்.

இதோ, எழுதிவிட்டேன். நம் பேப்பரை டில்லியில் யாராவது வாங்குகிறார்களா?