எட்டு மாடிகளில் வைத்த கண்ணாடி

என் சித்தப்பாவை ஊரில் விஞ்ஞானி என்று கூப்பிடுவார்கள். கேலிக்காக வைத்த பெயர்தான். அவரோ அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். அரியலூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் வேலை. கல்யாணம் ஆகாததால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். பழைய பேப்பர் கடையிலிருந்து எடைக்கு வாங்கி வந்த அறிவியல் புத்தகங்கள் அவருடைய கட்டிலுக்கு அடியில் அடுக்கியிருக்கும். வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றும் வைத்திருந்தார். அதை மாட்டிக்கொண்டு உப்பு, எறும்பு, என் தலைப்பேன் என்று அகப்பட்டதையெல்லாம் பார்ப்பார்.

பார்த்ததைப் பற்றிப் பேசாமலும் இருக்க மாட்டார். கோயிலில் பூஜை நேரத்தில் தானாக அடிக்கும் மின்சார மேளம் கெட்டுப்போனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சாமி கும்பிடாத மனுஷன் கை வைத்தால்தான் சாமிக்கு மேளம் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இதையெல்லாம் ஒரு நோட்டில் கட்டுரையாக எழுதினார். செல்போனில் ஒரு பக்கம் தொடங்கி அதிலும் போட்டார். படித்தவர்கள் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் குட்மார்னிங் படம் அனுப்பியவர்கள்.

எங்கள் ஊருக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவில் ஒரு ரோடும் கொஞ்சம் முந்திரிக் காடும்தான். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் நாள் முழுக்க அந்த ரோட்டில் போகும். அப்பா அதில் ஒரு லாரியை ஓட்டினார், காண்ட்ராக்டில். முந்திரி இலை சாம்பல் நிறமாக இருக்கும். அதுதான் முந்திரி இலையின் நிறம் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு நாளைக்கு மூன்று முறை வாசலைக் கூட்டுவார். கூட்டிவிட்டு இருமுவார்.

"சிமெண்ட்டுன்னா என்னன்னு நெனக்கிறீங்க அண்ணி?" என்று ஒருநாள் தோசைக்குக் காத்திருந்தபோது சித்தப்பா கேட்டார். "இந்த ஊரே ஒரு காலத்துல கடலு. அதுல செத்துப்போன நத்தை, சிப்பி எல்லாத்தோட ஓடுந்தான் இந்தக் கல்லு. அதை அரைச்சு மெட்ராஸ்காரனுக்கு வூடு கட்டக் குடுக்குறோம். மிச்சத்தை நாம மூச்சுல இழுக்குறோம்."

"இழுத்துத்தானே சோறு திங்கிறோம்," என்றார் அப்பா.

சித்தப்பா தோசையைப் பிய்த்துக்கொண்டே, தூசு தூசு என்று புலம்பினால் யாரும் கேட்க மாட்டார்கள், எவ்வளவு என்று அளந்து சொன்னால் கேட்பார்கள் என்றார். அதை அவர் உண்மையாகவே நம்பினார்.

கண்ணாடிக் கடையில் உள்ளங்கை அளவுத் துண்டுகளாக எட்டு வெட்டி வாங்கி வந்தார். தூசு ஒட்டிக்கொள்வதற்காக ஒவ்வொன்றிலும் மெல்லிசாக வாசலின் களிம்பு தடவினார். ஆலையிலிருந்து ஒன்றைவிட ஒன்று தள்ளி இருக்கும்படி எட்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அந்த வீடுகளின் மொட்டை மாடியில் ஒரு மாதம் வைப்பது என்று ஏற்பாடு. பெண்கள் மட்டும் இருக்கும் நேரத்தில் அவர் மாடி ஏறுவது சரியாக இருக்காது என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது. எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எட்டு மாடியும் ஏறி, காக்கை தட்டிவிட்டிருக்கிறதா, யாராவது வடாம் பரப்ப நகர்த்தியிருக்கிறார்களா என்று பார்த்து வந்து சொல்வேன். அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. மழை வரக்கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டேன். அதைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

மழை வரவில்லை. ஒரு மாதத்தில் கண்ணாடிகள் எல்லாம் மங்கிப்போயின. ரோட்டோரத்து வீட்டுக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்தால் கண் கூசவில்லை. சித்தப்பா லென்ஸை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணி நோட்டில் எழுதினார். கண்ணாடிகளை ஒன்றோடொன்று உரசாதபடி ஒரு பெட்டியில் நிறுத்தி வைத்தார். மே மாதத்துக் கிராம சபைக்குக் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர் முன்னால் காட்டுவதாகத் திட்டம்.

கிராம சபை அன்றைக்குக் காலையில் சித்தப்பா நோட்டை ஜெராக்ஸ் எடுக்க அரியலூருக்குப் போயிருந்தார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அப்பா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு வாளியில் வெந்நீரும் சோப்புத்தூளும், பக்கத்தில் கிழிந்த வேட்டித் துணியும் இருந்தன. வாளிக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் பெட்டி.

"பாப்பா, இதெல்லாம் தொடச்சி வச்சிடு," என்றார்.

"தூசு இருக்கணும்னு சித்தப்பா சொன்னாங்க."

"அதான் எண்ணியாச்சே. நோட்டுல எழுதியாச்சே. கணக்குப் போட்டு முடிச்சா சிலேட்ட அழிக்கிறதில்லையா? பெரிய ஆபீசர் வர்றாரு. இப்படி அழுக்கா காட்டுனா நல்லாவா இருக்கும்?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. வாசலின் சுலபத்தில் போகவில்லை. அழுத்தித் தேய்த்தேன். எட்டும் பளபளவென்று ஆகும்வரை அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை, சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். முடித்ததும் நானே கண்ணாடிகளைப் பெட்டியில் ஒவ்வொன்றாக நிறுத்தி மூடினேன். "நீ தொடச்சன்னு சொல்லிக்க வேணாம். சித்தப்பா தானா பாத்து சந்தோசப்படட்டும்," என்று சொல்லிவிட்டு அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

கிராம சபை பள்ளிக்கூடத்து மரத்தடியில் நடந்தது. நான் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஆலை கட்டிக் கொடுத்த தண்ணீர்த் தொட்டிக்கு நன்றி சொல்லும் தீர்மானம் முடிந்ததும் சித்தப்பா எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டை. இது நம்ம ஊரு காத்தோட போட்டோ என்று தொடங்கினார். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெட்டியைத் திறந்து முதல் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

அதன் வழியாகப் பின்னால் இருந்த கொடிக்கம்பம் சுத்தமாகத் தெரிந்தது.

அவர் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். பிறகு மூன்றாவதை. நான்காவதில் யாரோ சிரித்தார்கள். மற்ற நான்கையும் அவர் எடுக்கவில்லை. நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன், பாராட்டுக்காக. அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு கூட்டத்துக்குப் பின்னால், பைக் மேல் சாய்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னங்க, இதுல ஒண்ணும் தெரியலையே?" என்றார் அதிகாரி.

"ஆமாங்க சார்."

"வேற எதாச்சும் இருக்கா?"

ஜெராக்ஸ் தாள்கள் சித்தப்பா கையிலேயே இருந்தன. "இல்லைங்க சார். தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்குங்க," என்று சொல்லி உட்கார்ந்தார்.

வீட்டில் சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அம்மா என்ன ஆச்சு என்று இரண்டு பேரையும் கேட்டார். இரண்டு பேரும் குழம்பு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த வருஷமே அப்பாவுக்கு வேலை பெர்மனென்ட் ஆனது. நான் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்தது அதனால்தான். சித்தப்பா பெரம்பலூரில் சொந்தமாகக் கடை போட்டுக்கொண்டு அங்கேயே போய்விட்டார். பொங்கலுக்கு வருவார். செல்போன் பக்கத்தில் அதற்குப் பிறகு ஒரு வரியும் ஏறவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மாவைத் திருச்சிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, "குவாரியில வேலை பாத்தீங்களாம்மா? இல்ல சிமெண்ட் மூட்டை தூக்குனீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க. நான் எங்கயும் போனதில்ல. வூட்லதான் இருந்தேன்," என்றார் அம்மா.

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அப்பா வெளியே போய் வராந்தாவில் நின்றார். அம்மா அடுத்த வருஷம் கார்த்திகையில் இறந்துபோனார்.

காரியம் முடிந்து, பெரம்பலூர் பஸ்ஸுக்காகச் சித்தப்பாவோடு ரோட்டில் நின்றபோது கேட்டேன். நோட்டையாவது அன்றைக்குப் படித்திருக்கலாமே என்று.

"படிச்சிருந்தா, கண்ணாடிய யாரு தொடச்சதுன்னு கேட்டிருப்பாங்க," என்றார். லாரி ஒன்று எங்களைத் தாண்டும்வரை பொறுத்து, "படிச்சிருந்தாலும் ஒண்ணும் நடந்திருக்காது பாப்பா. அதப் போட்டு மனச ஒழப்பிக்காத," என்றார்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாரா என்று தெரியவில்லை. அளந்து சொன்னால் கேட்பார்கள் என்ற மனுஷன் அவர். நிஜமாகவே அப்படி நினைக்கிறார் என்றால் அந்தத் தேற்றலே எனக்கு வேண்டாம்.

அன்றைக்கு மரத்தடியில் எனக்கு அவர்மேல் லேசாகக் கோபம்கூட வந்தது. அவ்வளவு அழகாகத் துடைத்துக் கொடுத்தும் இப்படிச் சொதப்பிவிட்டாரே என்று. அவரே எழுந்து நின்று தப்பு என்னுது என்று சொன்னாரே, அப்படியானால் அவர்தான் எதையோ தப்பாகச் செய்திருக்க வேண்டும் என்று எனக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். தப்பு செய்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள் என்று நினைக்கும் வயது அது.