சாக்பீஸில் எழுதிய சீர்

போன மாதம் மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்தார். பழைய போர்க்கப்பல்களைப் பற்றிக் கண்காட்சி வைப்பதற்காகப் பொருள் சேகரிப்பவர். அப்பா வேலை பார்த்த விமானந்தாங்கிக் கப்பலின் நினைவாக என்ன இருந்தாலும் காட்டச் சொன்னார். கப்பல் பெயர் பொறித்த தொப்பி நாடா, முனை மடங்கிய சர்வீஸ் புத்தகம், போர்க்கால உத்தரவுத் தாள்கள், வெற்றி விருந்தின் உணவு அட்டை என்று மேசையில் பரப்பினேன். கடைசியில் அந்தப் போட்டோ. சட்டையில்லாத இளைஞர்கள் சிலர் ஒரு குண்டைச் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். குண்டின் மேல் சாக்பீஸில், முத்து முத்தான தமிழில், 'தாய்மாமன் சீர்' என்று எழுதியிருக்கிறது. "யாரோட குசும்புங்க இது?" என்று அவர் ரசித்துச் சிரித்தார். அப்பா எழுதியது என்றேன். சொல்லிக்கொண்டே போட்டோவைக் கவிழ்த்து வைத்தேன்.

அப்பா விமானங்களில் குண்டு மாட்டும் பிரிவில் இருந்தவர். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில், அவர்கள் பட்டாளத்தில் இருந்தவர்களைத்தான் சொல்தா என்பார்கள். இந்தியக் கடற்படைக்காரரான அப்பாவுக்கும் தெருவில் அதே பெயர். கப்பலைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டைப் பற்றியும் எஞ்சின் சூட்டைப் பற்றியும் சொல்வார். சண்டையைப் பற்றிப் பேசியதில்லை. அந்தப் போட்டோவை நாங்கள் பார்த்ததே என் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு முந்தைய வாரம்தான். அப்பாவின் பெட்டியின் அடியில் கிடந்ததை அண்ணன் எடுத்தான். அவன்தானே தாய்மாமன், துள்ளிக் குதித்தான். அப்பாவிடம் கேட்காமலே போட்டோவைப் பெரிதாக்கி மண்டப வாசலுக்குப் பேனர் அடித்துவிட்டான். 'அன்று தாத்தா போட்ட சீர்! இன்று மாமன் போடும் சீர்!' நானும் பார்த்துச் சிரித்தேன். நன்றாயிருக்கிறது என்றேன்.

விழாவன்று ஆட்டோவிலிருந்து இறங்கிய அப்பா பேனருக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார். சொந்தக்காரப் பிள்ளைகள் அதன் அடியில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இத எறக்குடா."

"ஏம்ப்பா? எவ்ளோ பெருமை!" என்றான் அண்ணன்.

அப்பா தானே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். ஒரு பக்கம் சரிந்து, மூங்கில் கம்போடு பேனர் தரையில் விழுந்தது. மேளம் நின்றது. என் மாமியார் வீட்டு ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்து ஜெனரேட்டர் பக்கமாக இழுத்துப் போனேன்.

"எல்லாரும் பாக்கறாங்க. என்னப்பா இது?"

"சண்டை முடிஞ்சி, நாங்க குண்டு போட்ட துறைமுகத்துலயே எறங்கினோம்மா. விடுதலை வாங்கிக் குடுத்தோம்னு ஊரே வந்து எங்களுக்கு மாலை போட்டாங்க. எனக்குப் போட்டவனுக்கு ரெண்டு கையும் வெந்து போயிருந்தது. துணி சுத்தியிருந்தான். எப்படின்னு நான் கேக்கல. கழுத்த நீட்டி மாலைய வாங்கிக்கினேன்."

ஜெனரேட்டர் சத்தத்தில் அவர் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாததை இப்படிக் கத்திச் சொல்லும்படி நாங்கள் செய்துவிட்டோம். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. வாசலில் நின்ற மாமியார் வீட்டார் முகங்கள்தான் கண்ணில் இருந்தன.

"இன்னைக்குத்தான் இதச் சொல்லணுமா?" என்றேன்.

"நீங்க இன்னைக்குத்தானேம்மா மாட்டுனீங்க."

வாசலுக்குத் திரும்பி வந்தேன். "அப்பாவுக்கு என்னம்மா ஆச்சு?" என்று மாமியார் கேட்டார். நான் யோசிக்கக்கூட இல்லை. "வயசாயிடுச்சுங்க அத்தை. இப்பல்லாம் ஞாபகம் தடுமாறுது. என்ன செய்யறோம்னு அவருக்கே தெரியல."

மாமியாரின் பார்வை என் தோளைத் தாண்டிப் போனது. திரும்பினேன். அப்பா எனக்குப் பின்னாலேயே வந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மாமியாரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஆமாங்க சம்பந்தி. வயசாயிடுச்சு. மனசுல வச்சிக்காதீங்க."