பல் டாக்டரின் தலை

கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு வழுக்கை விழவே கூடாது. விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தொப்பிக்காரர்தான் சாட்சி. மற்ற ஆண்கள் காலையில் ஒருமுறை தலை வாரும்போது கவலைப்பட்டுவிட்டு வேலைக்குப் போய்விடலாம். இவருக்கு வேலையே கண்ணாடி. ஆளுயரக் கண்ணாடி, குளியலறைக் கண்ணாடி, சட்டம் போட்டது, போடாதது என்று நாலு சுவரிலும் சாய்த்து வைத்திருந்தால், எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் மண்டைதான் அவரைப் பார்த்து இளிக்கும். கல்யாணத்துக்கு முன்பே கொட்ட ஆரம்பித்த முடி, மகள் பள்ளிக்கூடம் போகிற காலத்துக்குள் காதோரம் ஒரு விளிம்பை மட்டும் விட்டுவைத்துவிட்டு மொத்தமாகக் கிளம்பிவிட்டது. அப்போது ஏறிய துணித்தொப்பிதான். கடையில் தொப்பி, வீட்டில் தொப்பி, காய்ச்சலில் படுத்தாலும் தொப்பி. துவைத்துக் காயப்போட இன்னொன்று வைத்திருந்தார். அவருடைய சொந்தப் பெயரே மறந்துபோகிற அளவுக்கு ஊரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டது.

ஒருநாள் மனைவி விளையாட்டாக அந்தத் தொப்பியைத் தூக்கப் போனாள். "கையை எடுடீ!" என்று ஒரு கத்து கத்தினார் பாருங்கள், அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாமல் நின்றாள் அவள். அதற்கப்புறம் அந்தத் தலைப்பக்கம் அவள் கை போனதே இல்லை.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாய்த்த பெண்டாட்டி எந்த வேலைக்குப் போக வேண்டும்? முடி கொட்டுகிறவர்களுக்குத் தலையில் ஊசி போடுகிற வேலைக்கு! பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள்தான். கால் வலி தாங்காமல் அதை விட்டுவிட்டு, கடைவீதி மாடியில் இருந்த முடி கிளினிக்கில் சேர்ந்தாள். நாற்காலியில் சாய்ந்திருக்கிறவர் தலையில் வகிடு பிரித்து, மயிரிழை போன்ற ஊசியால் சொட்டுச் சொட்டாக மருந்தை வரிசையாக இறக்கிக்கொண்டே வர வேண்டும். பொறுமையும் வேண்டும், கை சுத்தமும் வேண்டும். அவளுக்கு இரண்டும் உண்டு. கிளினிக்கில் நல்ல பேர்.

வீட்டில்தான் வினை பிடித்தது. காலையில் மகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டே போனில் பேசுகிறாள்: "என் தலை வந்துடுச்சா? ஐயையோ, அவரை வேற யாரும் தொட வேண்டாம். இதோ வந்துட்டே இருக்கேன்."

ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த தொப்பிக்காரர் நிமிர்ந்தார். "யாரு அது, உன் தலை?"

"அந்தப் பல் டாக்டருங்க. யாரு தலைக்கு யாரு ஊசி போடறாங்களோ அது அவங்க தலை. கிளினிக்ல அப்படித்தான் சொல்வோம்." சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "அதை ஏன் கேக்கறீங்க. ஊர்ல இருக்கறவங்க வாயில எல்லாம் ஊசி குத்தற மனுஷன். தன் தலைக்குன்னா குழந்தை மாதிரி அழறாரு. என் கோட்டு நுனியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாத்தான் ஊசி போடவே விடுவாரு."

"ஓ" என்றார் தொப்பிக்காரர். வெளியே வந்தது அந்த ஒரு எழுத்துதான். மீதியெல்லாம் உள்ளேயே ஓடியது. கோட்டு நுனியாம்! பிடிக்கிறதுக்கு நாற்காலியில் கைப்பிடி இல்லையா? அந்தப் பல் டாக்டருக்கு முடி வேறு நன்றாக வளர்கிறதாம். அதையும் அவளே சொன்னாள், ஏதோ தான் பெற்ற பிள்ளை வளர்கிற பூரிப்பில்.

அன்றிலிருந்து அவருக்கு வேலையில் கவனம் இல்லை. அலமாரிக் கதவுக்கு அளந்த கண்ணாடியை ஜன்னலுக்கு அறுத்தார். ஓரத்தைத் தேய்க்கும்போது விரலைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பொறாமைக்காரனுக்கு ஒரு நப்பாசை இருக்குமே, நம்மையும் ஒருத்தி தாங்க மாட்டாளா என்று. அவள் என்னவென்றால், "கண்ணை எங்க வச்சிருந்தீங்க? இத்தனை வருஷமா கண்ணாடி அறுக்கறவரு செய்யற காரியமா இது?" என்று திட்டித் தீர்த்துக்கொண்டே கட்டுப் போட்டுவிட்டாள். கட்டு அத்தனை இறுக்கம்.

இந்த லட்சணத்தில், கிளினிக்கில் ஒரு கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று அவரையே அளவெடுக்கக் கூப்பிட்டார்கள். போனார். அளவு நாடாவைப் பிரிக்கும்போது பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. அவள்தான். வெள்ளைக் கோட்டு. நாற்காலியில் தடித்த கழுத்தோடு ஒருவர். அவள் விரல்கள் அவர் முடியைப் பூப்போலப் பிரித்தன. "வலிக்குதா சார்? அவ்வளவுதான், முடிஞ்சுது, முடிஞ்சுது. இன்னும் ஒரே ஒரு வரிசை" என்றாள். என்ன குரல் அது! கல்யாணமான புதிதில்கூட அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. நாற்காலிக்குப் பின்னால் கோட்டு நுனி கசங்கிக்கொண்டிருந்தது.

தொப்பிக்காரருக்குக் காதில் புகை வராத குறை. நாடாவைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டு நேரே டாக்டரம்மா அறைக்குள் நுழைந்தார். கதவைச் சாத்தினார். தொப்பியைக் கழற்றினார். "எனக்கும் ஊசி போடணும்" என்றார்.

டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்து நன்றாகப் பார்த்தார். "உச்சியில வேரே இல்லைங்க. எத்தனை ஊசி போட்டாலும் அங்க முளைக்காது. ஓரத்துல இருக்கறதை வேணும்னா கொஞ்ச நாள் காப்பாத்தலாம். எதுக்கு வீணா வலியைத் தாங்கிக்கிட்டு?"

"முளைக்காட்டிப் போகுது. ஊசி போட்டாப் போதும். ஆனா என் வீட்டுக்காரிதான் போடணும்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "வீட்டாளுங்களுக்கு நாங்க பொதுவா போடறதில்லைங்க. கை வராது."

"அவளுக்கா வராது? இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன். என்னமா போடறா!"

டாக்டரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவர் நகர்வதாக இல்லை. கடைசியில், "அவங்க சம்மதிச்சாப் போட்டுக்குங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

பல் டாக்டரைப் பாதியில் விட்டுவிட்டு அறைக்குள் வந்த மனைவி, வெறும் தலையோடு நாற்காலியில் சாய்ந்திருந்த புருஷனைப் பார்த்து அப்படியே நின்றாள். "என்னங்க இது கூத்து?"

"ஏன், நான் உட்காரக் கூடாதா? ஊர்ல இருக்கற தலைக்கெல்லாம் போடற. எனக்கும் போடு."

அவள் கையைக் கழுவினாள். உறை மாட்டினாள். பஞ்சில் மருந்து நனைத்துக் காதோரம் துடைத்தாள். குளுகுளு என்று இருந்தது. அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் விரல் தலையில் பட்டதும் தொப்பிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு 'வலிக்குதா' என்ற அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தார். வலித்தாலும் இல்லை என்று சொல்வதாக முடிவு.

ஊசி வரவில்லை. மருந்துச் சொட்டு ஒன்று காதுமடலில் வழிந்தது. ஊசிமுனை தோலைத் தொட்டுவிட்டு விலகியது. அப்புறம் தட்டில் ஏதோ டங்கென்று விழுந்த சத்தம்.

"என்னால முடியாது. வேற யாரையாவது போடச் சொல்றேன்."

அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது அவருக்கு. "முடியாதா? அந்தப் பல் டாக்டருக்குன்னா முடியுது, கட்டின புருஷனுக்குன்னா கை வரலையா? 'வலிக்குதா வலிக்குதா'ன்னு அங்க என்ன கொஞ்சல்! நான் ரத்தம் சொட்டச் சொட்ட வந்து நின்னப்ப வாய்க்கு வந்தபடி திட்டினியே!"

வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். அவள் முன்னால் வந்து நின்று உறையைக் கழற்றி வீசினாள். கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். விரல்கள் வெடவெட என்று ஆடிக்கொண்டிருந்தன.

"பாருங்க. நல்லாப் பாருங்க. அந்த ஆளு கத்தினா எனக்கென்ன? அழுதா எனக்கென்ன? எனக்கு ஒண்ணும் ஆகாது. அதனாலதான் கை ஆடாமப் போடறேன். அன்னைக்கு உங்க விரல்ல ரத்தத்தைப் பார்த்ததும் எனக்கு மயக்கமே வந்துடுச்சு. திட்டாம நின்னிருந்தா விழுந்திருப்பேன். தெரியுமா உங்களுக்கு?"

தொப்பிக்காரருக்குத் தெரியாது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நடுங்குகிற கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் மண்டையின்மேலேயே வைத்து அழுத்திக்கொண்டாள். வைத்தது வைத்தபடி இருந்தது. அவரும் எடு என்று சொல்லவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு தடித்த கழுத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "சிஸ்டர், பின்பக்கம் ஒரு வரிசை பாக்கின்னீங்களே?"

"இன்னைக்கு என் கை சரியில்லைங்க, சார். வேற நர்ஸ் போடுவாங்க" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பல் டாக்டர் உடனே போய்விடவில்லை. தலை நிறைய புது முடியை வைத்துக்கொண்டு, அந்த மொட்டை மண்டையையும் அதன்மேல் இருந்த கையையும் பார்த்துக்கொண்டே நின்றார். அது என்ன பார்வை என்று தொப்பிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.