ஆறு மாதக் கயிறு

குடியை நிறுத்துவதற்காக அண்ணனுக்குக் கயிறு கட்டிய அன்று, சமயநல்லூர்ப் பக்கத்துக் கோயிலில் அம்மா, அத்தான், நான் மூவரும் இருந்தோம். அப்பா லாரியில் லோடு ஏற்றிப் போயிருந்தார். டாக்டர் யாரையும் நாங்கள் பார்த்திருக்கவில்லை. வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். எனக்கும் அது தோன்றவில்லை.

ஆறு மாதத்துக்குப் போதை எதையும் தொடமாட்டேன் என்று பூசாரி சொல்லச் சொல்ல அண்ணன் திருப்பிச் சொன்னான். அவன் சொன்னால் சொன்னதுதான். சின்ன வயதில் தட்டில் பொரியலைக் குழம்பு தொட்டுவிட்டால் அன்று முழுக்கப் பட்டினி கிடப்பான். பிடிவாதம் என்று அடித்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் கை நடுங்கியது. சாமி வேலை செய்கிறது என்றார் அத்தான். மூன்றாம் நாள் காலை லேத் பட்டறைக்குக் கிளம்பியவன் வாசலிலேயே வலிப்பு வந்து விழுந்தான்.

தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தியதால் வந்தது, மாத்திரை போடாவிட்டால் மறுபடி வரும், உயிருக்கே ஆபத்து என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா. பிறகு அண்ணனிடம் எதற்காகக் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். பதினோரு வருடத்தில் நாங்கள் ஒருவரும் கேட்காத கேள்வி.

"பட்டறைல அம்புட்டுச் சத்தம். எல்லாரும் மூஞ்சியப் பாத்துப் பேசுறாய்ங்க. குடிச்சா எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போயிருது."

அவனுடைய சின்ன வயதைப் பற்றி அம்மாவிடம் வெகுநேரம் விசாரித்த டாக்டரம்மா, ஆட்டிசமாக இருக்கலாம் என்றார். யாரும் கண்டுபிடிக்காமலே வளர்ந்து, கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்கக் குடியைப் பிடித்துக்கொள்கிறவர்கள் உண்டாம்.

மாத்திரை வந்தது. இது போதையா என்று நர்ஸிடம் கேட்டான். லேசாக மயக்கமாக இருக்கும் என்று அந்தப் பெண் உண்மையைச் சொல்லிவிட்டது.

"அப்ப வேணாம். கயிறு கட்டிருக்கேன்."

"ஏன் மாப்ள, சாமி வந்து ஒன் மாத்திரையவா எண்ணப்போகுது?" என்றார் அத்தான்.

அண்ணன் வாயை இறுக மூடிக்கொண்டான். ஊசிக்கும் கையை நீட்டவில்லை. விரல்கள் மறுபடி நடுங்க ஆரம்பித்திருந்தன.

பைக்கை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பறந்தேன். பூசாரி முழுக்கக் கேட்டுவிட்டு, போனைப் போடச் சொன்னார்.

"ஒந் தம்பி அபராதம் கட்டிட்டாப்ல. சாமி உத்தரவு குடுத்திருச்சு. கயித்த அவுத்துட்டு மாத்திரையப் போடுய்யா."

எவ்வளவு அபராதம் என்று கேட்டான் அண்ணன். ரசீதும் வேண்டுமாம். எழுதி வாங்கி, படமெடுத்து அத்தானின் போனுக்கு அனுப்பினேன். அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்த பிறகுதான் மாத்திரையை விழுங்கினான் என்று அம்மா சொன்னார். அதில் இருந்தது இவ்வளவுதான்: கயிறு அவிழ்ப்பு, ரூபாய் நூற்றியொன்று.