பாண்டீஸ்வரியும் பிடிக்கக் கூடாத பந்தும்

பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறு பிறப்பிலிருந்து தொடங்கும். பாண்டீஸ்வரிக்கு ஆதார் அட்டையில் உள்ள பிறந்த தேதி மீதே நம்பிக்கை இல்லாததால், இந்த வரலாறு போன பொங்கலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறது.

பரளச்சிக்குப் பக்கத்து ஊர். அவளுக்குக் கட்டட வேலை; சித்தாள். கூரைத் தளம் போடும் நாளில் சாரத்தில் வரிசையாக நின்று, கீழிருந்து வரும் கலவைச் சட்டியை வாங்கி மேலே நிற்பவளிடம் கொடுக்க வேண்டும். அந்த வரிசையில் பாதி ஆயுள் நின்றுவிட்டாள்.

ஊர்ப் பொங்கல் விளையாட்டில் பெண்கள் எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்துக்கொண்டு ஓடலாம்; நாற்காலியைச் சுற்றலாம். பெண்ணினத்தின் உடல்வலிமை அவ்வளவுதான் என்று விழாக்குழு ஆழ்ந்து ஆராய்ந்து முடிவு செய்திருந்தது. காலையில் கலவை சுமந்துவிட்டு மாலையில் பழம் சுமப்பது பாண்டீஸ்வரிக்குச் சலித்துப்போயிற்று. வேலைக்கு வரும் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், எங்களுக்கும் வாலிபால் வேண்டும் என்று கேட்டாள்.

விழாக்குழுத் தலைவன் ராஜபாண்டி அவள் கணவனின் தம்பி. கல்லூரி அணியில் மூன்று வருடம் மாற்று ஆட்டக்காரனாக இருந்து, பெஞ்சு அசையாமல் பார்த்துக்கொண்டவன். முதலில் சொற்கள், பிறகே பந்து என்பது அவனுடைய கல்விக் கொள்கை. கோட்டுக்குப் பின்னால் நின்று பந்தை எதிர்ப்பக்கம் அனுப்பினால் சர்வீஸ். அதை முன்கையில் வாங்கித் தட்டிவிட்டால் பாஸ். நெட்டோரம் நிற்பவள் அதை அடிப்பதற்கு வாகாக உயர்த்திக் கொடுத்தால் லிஃப்ட். குதித்து அடித்தால் ஸ்மாஷ். எதிராளியின் அடியைக் கை தூக்கி மறித்தால் பிளாக்.

பெண்கள் அரை மணியில் எல்லாவற்றையும் ஒப்பித்தார்கள். அதன் பிறகுதான் பந்து வந்தது. பாண்டீஸ்வரி அதை அழகாகப் பிடித்து, பக்கத்தில் நின்ற முத்துமாரியம்மாளிடம் நீட்டினாள்.

"மதினி, இதுக்குப் பேரு ஹோல்டிங். தப்பு. பந்து கையில தங்கக் கூடாது. வந்ததும் போயிரணும்."

"வந்ததும் போறதுக்கு அது என்ன ஒங்கண்ணன் சம்பளமா?"

"சூடான சட்டின்னு நெனச்சுக்கங்க."

"சூடா இருந்தாலும் புடிச்சுத்தான் ஆகணும். விட்டா கீழ நிக்கிறவ மண்டை ஒடையுமுல்ல."

பதில் இல்லாதபோது தலைவர்கள் நிபந்தனை போடுவார்கள், ராஜபாண்டியும் போட்டான். எம்.ரெட்டியபட்டிப் பெண்களோடு ஒரே ஒரு செட். மூன்றாவது ஹோல்டிங் விழுந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவான். அடுத்த வருடமும் கரண்டிதான்.

சொல்லை வாய் எளிதில் ஏற்றுக்கொள்ளும். அதற்கு ஒன்றும் செலவில்லை. கைதான் யோசிக்கும். தன்னை நோக்கி வருவதைத் தவறவிட்டால் யாருக்கோ அடிபடும் என்பதுதான் பாண்டீஸ்வரியின் கை படித்த ஒரே பாடம். அந்தப் பாடத்தை ஒரு வாரத்தில் மறக்கச் சொல்வது, நேர்மையான ஒருவரைத் தேர்தலில் நிற்கச் சொல்வது போன்றது.

பொங்கலன்று ஊரே மைதானத்தில் இருந்தது. பாண்டீஸ்வரி முதல் பந்தையே பிடித்தாள். விசில். கூட்டத்தில் மொக்கையன், "நல்லாப் புடிச்சீக, அப்படியே வீட்டுக்குக் கொண்டு போங்க" என்றான். சிறிது நேரத்தில் இரண்டாவது விசில். ராஜபாண்டி இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினான். மேசையில் கரண்டிகள் தயாராயின.

"ஏத்தா, நீ ஓரமாப் போயிரு. வாரத நான் பாத்துக்கிறேன்" என்றாள் முத்துமாரியம்மாள்.

பாண்டீஸ்வரி போகவில்லை. இரண்டு கை விரல்களையும் கோத்து இறுக்கிக்கொண்டாள். பூட்டிய கையால் எதையும் பிடிக்க முடியாது. பந்து நேரே வந்தது. விரல்கள் பிரியத் துடித்தன, அவள் விடவில்லை. முன்கையில் பட்டென்று மோதி மேலே எழும்பியது. முத்துமாரியம்மாள் அதை உயர்த்திக் கொடுக்க, கூட வேலை பார்க்கும் துர்காதேவி அடித்து வெளியே அனுப்பினாள். பாயிண்ட் போயிற்று, விசில் வந்தது, ஆனால் ராஜபாண்டியின் மூன்றாவது விரல் உயரவில்லை.

தன் முறைக்குச் சர்வீஸ் போடும்போது மட்டும் பூட்டைத் திறந்தாள். மற்ற நேரமெல்லாம் தெய்வத்துக்கு முன் நிற்பவளைப் போலவே ஆடினாள். இருபத்தைந்துக்குப் பதினொன்று. தோல்வி. ஆனால் செட் முழுதாக முடிந்தது. மூன்றாவது ஹோல்டிங் விழவே இல்லை. அடுத்த வருடமும் பெண்களுக்கு வாலிபால் உண்டு என்று ராஜபாண்டி மைக்கில் அறிவித்தான், ஏதோ தன் சொந்த நிலத்தை எழுதிக் கொடுப்பவனைப் போல.

எம்.ரெட்டியபட்டி அணித் தலைவி ஈவா நெட்டுக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். பாண்டீஸ்வரியின் சிவந்த முன்கைகளைப் பார்த்தாள்.

"ஏன்க்கா கடைசி வரைக்கும் கைய விரிக்கவே இல்ல?"

"விரிச்சாப் புடிச்சிருமே."

ஈவா சிரிக்கவில்லை. "எனக்குப் பருத்தி எடுக்கிற கை. மொத வருசம் பந்தக் கிள்ளிக்கிட்டே இருந்துச்சு" என்றாள்.