ராஜாவைக் கொன்ற காரணம்

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுத வந்ததைப் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் எதிரில் பேசவே எனக்குக் கூச்சம். அதனால்தான் உத்திரமேரூரில் நாங்கள் போட்ட நாடகத்தில், கொலையுண்ட ராஜாவாக என்னைப் படுக்க வைத்தார்கள்.

என்னைக் குத்திய தளபதி, ரைஸ் மில் முதலாளி. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். சாவு வீடானாலும் பொதுக்கூட்டமானாலும், கண்ணீர் வருவதற்கு முன்பே துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ராஜா கொடுங்கோலனாகிவிடுவான் என்று பயந்து கொன்றதாக அவர் மக்களிடம் சொல்ல வேண்டும். கதை அவ்வளவுதான். ஆனால் முன்வரிசையில் பஞ்சாயத்துத் தலைவர் உட்கார்ந்திருந்ததால், தளபதிக்குப் புதுப்புதுக் காரணங்கள் தோன்றின. நான் ஏரி மதகைப் பழுது பார்க்கவில்லையாம். தெருவிளக்கு போடவில்லையாம். மானாம்பதி ரோட்டுக்கு ஜல்லி கொட்டவில்லையாம். ஜனங்கள் கைதட்டினார்கள். தலைவர் மட்டும் விசிறிக்கொண்டார்.

செத்தபடியே முணுமுணுத்தேன்: "இன்னாண்ணே, இதெல்லாம் நாடகத்துல இல்லியே?"

"பொணம் பேசக் கூடாதுப்பா. எலக்சன் வருது இல்ல? கம்முனு கெட" என்று துண்டுக்குள்ளிருந்து சொன்னார்.

பிறகு என்மேல் விழுந்து அழுதார். நிஜமான கண்ணீர், என் கன்னத்தில் சுட்டது. அது ஊருக்காகவா, பதவிக்காகவா, கொஞ்சம் எனக்காகவுமா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் அவர் பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்கு மனு கொடுத்தார். அவரை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவன் நான்.